‘என்ன ஆச்சு?’ என்று முதலில் கேட்டவள்

அந்தக் காலத்தில் காக்கைக்குக் கோபம் வந்தால் நம் பாஷையிலேயே திட்டும். எலி வழி கேட்கும். சிலந்திக்கு ஊர்வம்பு முழுக்கத் தெரியும். எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது, பேசுவதற்குச் சொற்களும் வேண்டிய மட்டும் இருந்தன. மனிதர்கள் மட்டும் ஒரே ஒரு விஷயத்தில் படு கஞ்சர்கள். ஒரு பொருளுக்குக் கேடு வந்துவிட்டால் அதைச் சொல்ல அவர்களிடம் இருந்தது ஒற்றைச் சொல். போச்சு.

சேலை முள்ளில் மாட்டி இழுபட்டால், சேலை போச்சு. பானை கைநழுவிக் கல்லில் விழுந்தால், பானை போச்சு. கத்தி வெட்டாவிட்டால் கத்தி போச்சு, கூடையின் அடி விட்டுவிட்டால் கூடை போச்சு, பால் நாறினால் பாலும் போச்சு. இதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரே சொல்லில் காரியம் முடிகிறபோது நாலு சொல்லை யார் தேடிக்கொண்டிருப்பது என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

குருந்தங்காடு என்ற ஊரில் இதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. எதன்மேல் ‘போச்சு’ என்ற சொல் விழுகிறதோ, அது பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டு வெளியேறிவிட வேண்டும். ஊருக்கு மேற்கே இருந்த மேட்டில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கிறுக்குப் பிடித்த ஊர் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். முன்பு எப்போதோ ஒரு வீட்டில், ‘போச்சு’ என்று சொன்ன கஞ்சியை வீணாக்க மனம் வராமல் குடித்துவிட்டார்கள். குடும்பமே படுத்த படுக்கையாகி, அதில் சிலர் எழுந்திருக்கவே இல்லை. பயந்துபோன ஊர் போட்ட கட்டுப்பாடு அது. கஞ்சிக்குப் போட்ட சட்டம் கயிற்றுக்கும் கத்திக்கும் சேர்ந்தே விழுந்தது, அதுதான் கோளாறு. இருந்த சொல் ஒன்றுதானே, பிரித்துச் சொல்ல வழியில்லை.

கண்டவர்கள் கண்டபடி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அந்தச் சொல்லைச் சொல்வதற்கென்றே ஊரில் ஒருவர் இருந்தார். பெயர் பெரியகண்ணு. போச்சுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் ஏதாவது விழுந்தால் ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். அப்புறம் சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போவார். உலகத்தில் இவ்வளவு சுலபமான உத்தியோகம் வேறொன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் மனிதர் நல்லவர். பார்க்காமல் ஒரு நாளும் சொன்னதில்லை.

பெரியகண்ணுவுக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகன் தவசியைத்தான் தோளில் தூக்கி வளர்த்தார். தவசியின் மனைவி மருதாயி. இவள் கொஞ்சம் வாய்க்காரி. கல்யாணச் சேலையின் முந்தானை வேலியில் மாட்டியபோது, அதன்மேல் ‘போச்சு’ சொல்லவேண்டாம் என்று பெரியகண்ணுவிடமே மல்லுக்கு நின்றவள். அவர் சொன்னார், சேலை போனது, அவள் அந்த மாதம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால், முந்தானைக்குத்தானே ஏதோ ஆனது, முழுச் சேலையும் என்ன பாவம் பண்ணியது என்பாள்.

ஒரு நாள் முற்பகலில் தவசி வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கையில் காய் பறிக்க ஏறினான். முருங்கையில் ஏறக் கூடாது என்று அப்போது யாருக்கும் தெரியாது. தவசி ஏறிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கை எச்சரித்தது. “இதுல ஏறாத, முறியும்” என்றது. அப்படி ஒரு சொல்லைத் தவசி அதுவரை கேட்டதே இல்லை. காக்கைக்கு ஏதோ காய்மேல் கண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஒரு கிளை மேலே ஏறினான்.

கிளையோடு சேர்ந்து கீழே வந்தான். விழுந்தவன் அசையவில்லை. கண் மூடியிருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே, கால் திரும்பக் கூடாத பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. மருதாயி போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. பெரியகண்ணுவுக்கும் ஆள் போனது.

அவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார், மூச்சு இருந்தது. அதனால் செத்தவர்களுக்குச் சொல்வதுபோல் சொல்ல வாய் வரவில்லை. காலைப் பார்த்தார். அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் சொல்வதற்கு அவரிடம் எதுவுமே இல்லை. அந்த நேரத்தில் அவர் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஊர் சுற்றி நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. தன் பிள்ளை என்பதற்காக அவர் தயங்குகிறார் என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

“போச்சு” என்றார். சொல்லிவிட்டு, மோர் குடிக்காமல், யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மருதாயி அழுதாள், திட்டினாள், வாசலை மறித்து நின்றாள். பொழுது சாய்வதற்குள் வெளியேற வேண்டும் என்று ஊரார் தவசியைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். பாதி வழியில் அவன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். தூக்கிப் போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போனவன் தண்ணீர் கேட்டால் என்ன செய்வது என்று கட்டுப்பாட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் ஒருவர் தயங்கித் தயங்கி, “தம்பி, ஒன்னயப் போச்சுன்னு சொல்லிட்டாங்கப்பா” என்று விஷயத்தைச் சொன்னார். மருதாயிதான் தண்ணீர் கொடுத்தாள்.

மேட்டில் கட்டிலை இறக்கிவிட்டு, அவளையாவது திரும்பி வரச் சொன்னார்கள். அவள் தலைமுடியை முடிந்துகொண்டு கட்டில் காலருகே உட்கார்ந்துவிட்டாள். தன்மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் தனக்குப் பிடித்த இடத்தில் தான் இருப்பதை யாரும் தடுக்க முடியாது என்றாள். சட்டப்படி அது சரிதான். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

விடிந்ததும் மருதாயி மேட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஊர் தூக்கி எறிந்த பொருள்கள் குன்றாகக் குவிந்திருந்தன. வேட்டிகள், பானைகள், கயிறுகள், கூடைகள், அரிவாள்கள். அவற்றுக்கு நடுவே எறிந்த விதைகள் முளைத்துப் பூசணியும் பீர்க்கும் படர்ந்து காய்த்திருந்தன. மேட்டடியில் ஒரு சின்ன ஊற்று, இரண்டு பேர் குடிக்கக் காணும். அவளுடைய கல்யாணச் சேலையும் ஒரு கூடைக்கடியில் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது.

அப்போது பக்கத்துச் செடியில் ஒரு தையல்சிட்டு, காற்றில் பிளந்திருந்த ஓர் இலையை நாரால் தைத்துக்கொண்டிருந்தது. அழுகைக்கு நடுவிலும் மருதாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. போச்சு என்று ஆன இலையை எதற்குத் தைக்கிறாய் என்று கேட்டாள்.

சிட்டு தையலை நிறுத்தவில்லை. “போச்சா, எங்க போச்சு? எங்கிட்டதான இருக்கு. கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். கிழிஞ்சதுக்கு ரெண்டு ஓரம் இருக்கும். ஓரத்தோட ஓரத்தச் சேத்தா முடிஞ்சுது” என்றது.

மருதாயி அழுகையை நிறுத்திவிட்டாள். கிழிந்தது என்ற சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சேலையை எடுத்து உதறினாள். முந்தானையில் ஒரு முழம் கிழிந்திருந்தது. மீதி முழுச் சேலையும் அப்படியே இருந்தது. இதைத்தான் அவள் அன்றைக்குச் சொல்ல நினைத்தாள், சொல்லத் தெரியாமல் போய்விட்டது.

அன்று அவள் அந்த மேட்டில் ஒவ்வொருவரிடமாகப் போய் நின்றாள். சிலந்தியின் நூல் போனதைப் பார்த்தாள். போகவில்லை, அறுந்திருக்கிறது, அறுந்ததற்கு இரண்டு நுனி இருக்கும், முடிச்சுப் போட்டால் ஆயிற்று என்றது சிலந்தி. குளவியின் மண்வீட்டில் நீளமாக ஒரு கோடு ஓடியிருந்தது. அது விரிசல், உள்ளே குஞ்சு பத்திரமாக இருக்கிறது, மண் அப்பினால் போதும் என்றது குளவி. மனிதர் எறிந்ததை வைத்துப் பிழைக்கிறவர்கள் அவர்கள் எல்லாம். ஒரு பொருளில் எது போயிற்று, எது மிச்சம் என்று தெரியாவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு ஓடாது. அதனால் ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள்.

யாரோ முந்தின நாள் கொண்டுவந்து போட்ட கஞ்சிக் கலயம் ஒன்று இருந்தது. சொற்கள் கிடைத்த உற்சாகத்தில் மருதாயி அதைக் கணவனுக்கு எடுத்துப் போகப் பார்த்தாள். ஓர் எலி ஓடி வந்து குறுக்கே நின்றது.

“அதத் தொடாத. அது ஊசினது. இதுக்கு ஓரமும் இல்ல, நுனியும் இல்ல. இந்த மேட்டுலயே நெசமாப் போனது அது ஒண்ணுதான்” என்றது.

கலயத்தைக் கவிழ்த்துவிட்டு மருதாயி கட்டிலிடம் வந்தாள். தவசி வலியில் முனகிக்கொண்டு படுத்திருந்தான். தன்னைப் போச்சு என்று சொல்லிவிட்டதால், போனவனாகவே இருந்துவிடுவதுதான் முறை என்று அவனும் கிடந்தான். அந்த ஊர்க்காரன்தானே. அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அதுவரை எந்த மனுஷியும் எந்த மனுஷனையும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“உங்களுக்கு என்ன ஆச்சு?”

தவசிக்குப் புரியவில்லை. போச்சு என்று ஊர் சொன்னபின் அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தான். அவள் விடவில்லை. தலை வலிக்கிறதா என்றாள். இல்லை. கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். மூச்சை இழுத்து விடச் சொன்னாள். விட்டான். பசிக்கிறதா என்றாள். நேற்றிலிருந்தே பசிக்கிறது என்றான். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வலது முழங்காலுக்குக் கீழே வந்து நின்றாள்.

“கிளை விட்டப்ப ஒரு சத்தம் கேட்டுச்சில்ல, மருதாயி? கீழ விழுந்தப்ப அதே சத்தம் என் காலுக்குள்ள கேட்டுச்சு” என்றான் தவசி.

அந்தக் கிளையையும் ஊரார் சும்மா விட்டிருக்கவில்லை. பெரியகண்ணு சொன்ன ‘போச்சு’ அதற்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டு, அவனுக்கு முன்னாலேயே மேட்டில் கொண்டுவந்து எறிந்திருந்தார்கள். அதன்மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. முறியும் என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டானா என்று தொடங்கி நன்றாகத் திட்டித் தீர்த்தது. மருதாயி திட்டை எல்லாம் பொறுமையாக வாங்கிக்கொண்டு, முறிந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அவள் ஒருவரிடம் பணிந்து கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

காக்கை இறங்கி வந்தது. முறிந்ததில் இரண்டு துண்டும் அங்கேயேதான் இருக்கும் என்றது. நேராக்கி வைத்து, அசையாமல் கட்டிப் போட்டால் தானாகச் சேர்ந்துகொள்ளும். நடுவில் அசைத்தால் சேராது. பறவைகளின் காலில் தான் இதைப் பார்த்திருப்பதாகச் சொன்னது.

மருதாயி எழுந்தாள். அடி விட்டுப்போன மூங்கில் கூடையைப் பிரித்தாள், காலுக்கு இருபுறமும் வைக்கப் பத்தைகள் கிடைத்தன. கிழிந்த வேட்டியை இன்னும் கிழித்தாள், சுற்றுவதற்குத் துணி கிடைத்தது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டாள், கட்டுவதற்குக் கயிறு கிடைத்தது. விளிம்பு மூளியான பானையில் வெந்நீர் வைத்தாள். பானைக்கு விளிம்புதான் இல்லை, வயிறு நன்றாகவே இருந்தது. பிறகு கணவனைக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காலை இழுத்து நேராக்கினாள். தவசி போட்ட கூச்சலில் மேட்டிலிருந்த பறவைகள் எல்லாம் பறந்துவிட்டன. காக்கை மட்டும் நகரவில்லை.

அதற்குப் பிறகு நாள்கள் லேசாகப் போகவில்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கட்டு அரித்தது, அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். எனக்குப் பயமாக இருக்கிறது என்று மருதாயி தையல்சிட்டிடம் வாய்விட்டே சொன்னாள். தைரியசாலிக்கும் பயம் வரும், அதை அவள் மறைக்கவில்லை. அப்படி ஒரு நாள் காலையில் ஊற்றிலிருந்து திரும்பும்போது, மண்ணில் பாதி புதைந்து கிடந்த முருங்கைக் கிளையைப் பார்த்தாள். அதில் பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. ஓடிப்போய்த் தவசியிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவன் கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை.

துளிர் இலையாகி, இலை கீரையாகி, அதைப் பறித்து மருதாயி பொரியல் செய்யும் காலம் வந்தது. தவசி ஒரு தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றான். கால் கொஞ்சம் கோணல்தான். ஆனால் அது அவன் காலாகவே இருந்தது.

நிற்க, ஊரில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தவசியை அனுப்பிய நாளிலிருந்து பெரியகண்ணு எதையும் குனிந்து பார்ப்பதில்லை. கூப்பிட்டால் வருவதும் இல்லை. தன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். யாராவது வந்து வாசலில் நின்றால், என்ன ஏது என்று பார்க்காமலே ‘போச்சு’ என்பார். ஊரில் பாதிப் பொருள்கள் இப்படியே மேட்டுக்குப் போய்விட்டன. கொண்டுபோனவர்கள் தவசி கிடந்த பக்கம் தலை நிமிராமல் எறிந்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் சடைச்சி என்ற பெண் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனவள், வெறுங்கையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கிணற்றடியில் போச்சு, கிணற்றடியில் போச்சு என்பதற்குமேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. வரும் வழி எங்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்து பெரியகண்ணுவின் வாசலில் நின்றாள். அவர் சுவரைப் பார்த்தபடியே ‘போச்சு’ என்றார். கிணறு போச்சு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

இப்போது சிக்கல் வந்தது. போனது பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும். கிணறு நகராது. கூடிக் கூடிப் பேசிப் பார்த்துவிட்டு, கிணற்றை வெளியேற்ற முடியாத பட்சத்தில் ஊர்தான் கிணற்றை விட்டு வெளியேற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். விதைநெல்லைக் கட்டிக்கொண்டார்கள். பசுக்களை அவிழ்த்தார்கள். சோளம் பால் பிடித்து நின்ற கொல்லைகளைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டே, மேற்கே மேட்டடியாகப் போகும் பாதையில் நடந்தார்கள். பெரியகண்ணுவும் கடைசியில் தலை குனிந்தபடி வந்தார்.

மேட்டடியில் தவசி தடியோடு நின்றிருந்தான். பக்கத்தில் மருதாயி, தைத்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

முன்னால் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள், சிலர் பின்வாங்கினார்கள். மருதாயி அவர்கள் தலையில் இருந்த மூட்டைகளைத்தான் பார்த்தாள். எங்கே எல்லோரும் கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டாள். கிணறு போச்சு என்றார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பெரியகண்ணுவிடம் போனாள்.

“மாமா, கிணத்துக்கு என்ன ஆச்சு?”

“போச்சும்மா.”

“அது தெரியுது. என்ன ஆச்சு?”

பெரியகண்ணு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “நான் பாக்கலம்மா. அன்னைக்கு இவனப் பாத்துட்டுச் சொன்ன பொறவு, எதையும் குனிஞ்சு பாக்க எனக்குத் தெம்பு இல்ல” என்றார். அவர் குரல் உடைந்தது. இந்தச் சொல் அப்போது அவர்களிடம் இல்லை, நான் சொல்கிறேன்.

மருதாயி சடைச்சியைத் தேடிப் பிடித்து அவளையும் கேட்டாள். அதுவரை யாரும் கேட்காததால் சடைச்சி அதைப் பற்றி நினைத்தே பார்த்திருக்கவில்லை. வாளியை விட்டாள், தண்ணீர் மொண்டது, இழுத்தாள், திடீரென்று கயிறு லேசாக வந்தது, நுனி பிசிறு பிசிறாக இருந்தது, வாளி உள்ளே விழுந்தது. அவ்வளவுதான். தண்ணீர் இருக்கிறதா என்று மருதாயி கேட்டாள். தண்ணீருக்கென்ன, கிடக்கிறது என்றாள் சடைச்சி. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவள் தலையிலிருந்த மூட்டையை மெல்லக் கீழே இறக்கினாள்.

ஊர் திரும்பிக் கிணற்றடிக்கு நடந்தது. மருதாயி மேட்டிலிருந்து ஒரு மழுங்கிய அரிவாளை எடுத்துக்கொண்டாள். மேலே மிஞ்சிக் கிடந்த கயிற்றின் நுனியில் அதைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுத் துழாவினாள். அரிவாள் மழுங்கித்தான் இருந்தது, வளைவு மழுங்கவில்லை. வாளியின் பிடி அதில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. பிறகு இரண்டு நுனியையும் சேர்த்து, சிலந்தி சொன்னதுபோல் முடிச்சுப் போட்டாள். சடைச்சி இறைத்தாள். முதல் வாளித் தண்ணீரை ஒருவரும் குடிக்கவில்லை, எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு முடிச்சுக்காகவா ஊரை விட்டுப் போக இருந்தோம் என்ற வெட்கம் எல்லார் முகத்திலும் இருந்தது.

ஆனால் தவசி ஊருக்குள் காலடி வைக்கவில்லை. எல்லையிலேயே நின்றான். அவன்மேல் விழுந்த சொல் விழுந்ததுதான். அதைத் திரும்பப் பெறலாமா என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பெரியகண்ணு தலையை ஆட்டிவிட்டார். எல்லையில் நின்ற அவனையே அவர் எட்டி எட்டிப் பார்த்தார், அதை எல்லோரும் கவனித்தார்கள். என்றாலும் முன்னோர் காலத்திலிருந்து சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியதில்லை, இன்று தன் பிள்ளைக்காக வாங்கினால் நாளைக்கு ஊசிய கஞ்சிக்கும் ஒருவன் வந்து நிற்பான் என்றார். ஊசிய என்ற சொல்லை அவர் கொஞ்சம் முன்னால்தான் மருதாயியிடம் கற்றிருந்தார். ஆள் கெட்டிக்காரர்தான்.

“நீங்க சொன்னதத் திரும்ப வாங்க வேணாம் மாமா. அந்தச் சொல்லுக்கு முன்னால, என்ன ஆச்சுங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க. போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றாள் மருதாயி.

பெரியகண்ணு எல்லைக்கு நடந்தார். பல நாளைக்குப் பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தார். தவசியின் காலை முழங்காலிலிருந்து பாதம் வரை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. அங்கே கையை வைத்துக்கொண்டு, ஊருக்குக் கேட்கும்படி சொன்னார்.

“தவசிக்குக் கால் முறிஞ்சு போச்சு.”

ஊர் அதைக் காதால் கேட்டது. தவசி போகவில்லை. கால்தான். அதிலும் முறிவுதான். அதுவும் இப்போது சேர்ந்திருக்கிறது. சொல்லும் திரும்ப வாங்கப்படவில்லை, ஆளும் மிச்சம். எல்லோருக்கும் மூச்சு வந்தது. எந்த ஊரிலும் இருக்கிற மாதிரி அங்கேயும் சட்டம் பேசுகிற ஒருவர் இருந்தார். அப்படியானால் அந்தக் கால் மட்டும் வெளியே இருப்பதுதானே முறை என்றார். தவசி கீழே தன் காலைப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டான். குருந்தங்காடு வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தது. பெரியகண்ணுவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே தவசியைத் தோளோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் ஊர் முழுக்க மேட்டில்தான். அவரவர் பொருளைத் தேடித் தேடி எடுத்தார்கள். எடுத்ததை எல்லாம் மருதாயியிடமும், அவளுக்குத் தெரியாதவற்றைக் குளவியிடமும் எலியிடமும் காட்டி, இதற்கு என்ன ஆனது என்று கேட்டார்கள். பாத்திரம் நசுங்கியிருந்தது, தட்டினால் நிமிரும். உத்தரம் உளுத்திருந்தது, அடுப்புக்கு ஆகும். போர்வையின் சாயம் வெளுத்திருந்தது, குளிருக்குப் போர்த்திக்கொள்ள அது போதும். பால் திரிந்திருந்தது, அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். காக்கை மேலே உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் திட்டித் திட்டித் திருத்தியது.

பெரியகண்ணுவுக்கும் வேலை போகவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்து, கிழிந்து போச்சு, அறுந்து போச்சு, முறிந்து போச்சு என்று விவரமாகச் சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டு வருவார். வெறும் ‘போச்சு’ என்பதை அவர் உயிருக்கு மட்டும் வைத்துக்கொண்டார். அதையும் மூக்கில் விரலை வைத்து, இரண்டு தடவை பார்த்த பிறகுதான் சொல்வார்.

மருதாயி கட்டிலருகே உட்கார்ந்து கேட்ட அந்த நாளிலிருந்துதான், யார் எங்கே ‘போச்சு’ என்று தலையில் கைவைத்துக்கொண்டாலும், பக்கத்தில் இருப்பவர் முதலில் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கிறார். பதில் வரும்வரை எதையும் தூக்கி எறிய விடுவதில்லை.